ஆளுக்கு ஒரு லட்சம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், பங்குப் பத்திரம் சிறந்ததா, பழங்காசு சிறந்ததா என்று ஈரோட்டில் இருபத்தாறு வருடங்களாக நடந்துவந்த மாபெரும் பொருளாதார விவாதம், ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே காலுக்குத் தன் இறுதிக் கட்டத்தை எட்டியது.

பழங்காசின் கையில் பங்குப் பத்திரத்தின் கழுத்து இருந்தது.

அவன் அழுத்தினான்.

சகலை தனபாலனின் கழுத்து இத்தனை மெத்தென்று இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை. கட்டைவிரல்கள் தாமாகவே இடம் கண்டுபிடித்துக்கொண்டன.

அரை மணி நேரத்துக்கு முன்புவரை இருவரும் கனவான்கள். மாமனார் வீட்டுக் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பாயசம் குடித்தவர்கள்.

அக்காவைத் தனபாலனும் தங்கையை அவனும் ஒரே மேடையில் கட்டியவர்கள். அன்றைக்கு மாமனார் ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்தார். தனபாலன் பங்குப் பத்திரம் வாங்கினான். அவனோ நாயக்கர் காலத்துச் செப்புக்காசு வாங்கினான்.

யாருடைய லட்சம் அதிகம் வளர்ந்திருக்கிறதோ அவருக்கு பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கும் கடை. மாமனார் பத்து நாள் முன்பு சொல்லியனுப்பியிருந்தார்.

ஒரே கடை.

அவனுடைய மில் மூடி ஏழு மாதமாகிறது.

மதிப்புப் போட கோதண்டபாணி வந்திருந்தார். வங்கியில் நகை மதிப்பிட்டு ஓய்வு பெற்றவர். பழங்காசும் பார்ப்பார். பையில் தராசு, உரைகல், அமிலப் புட்டி எல்லாம் இருந்தன.

அவன் மரப்பெட்டியைத் திறந்தான்.

இருநூற்றுப் பதினான்கு காசுகளும் தகதகவென்று மின்னின.

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"வெடியால எந்திரிச்சுப் புளி போட்டுத் தேச்சனுங்க," என்றாள் அவன் மனைவி, பெருமை பொங்க. "எங்கப்பா ஊட்டுக்குக் கருகருன்னா கொண்டாறது?"

கோதண்டபாணி ஒரு காசை எடுத்துப் பார்த்தார். திரும்பப் பெட்டியில் போட்டார்.

"அந்தக் கருப்புக்குத்தாம்மா காசே. இதைச் சேகரிக்கிறவன் இனி தொடமாட்டான். எடைக்குத்தான் போகும்."

தனபாலன் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"எலுமிச்சம்பழமும் சேத்தியிருக்கோணுங்க, சகல. நட்டம் இன்னும் பளிச்சுன்னு இருந்திருக்கும்."

அவன் பொறுத்துக்கொண்டான். படித்தவன்.

அடுத்து தனபாலனின் பிளாஸ்டிக் கோப்பு. வெளிநாட்டுக்கு ரோஜாப்பூ ஏற்றுமதி செய்வதாகச் சொன்ன ஒரு கம்பெனியின் பத்திரங்கள். மடிப்புக் கலையாதவை.

நீண்டகால முதலீட்டாளன் விலை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது தனபாலனின் கொள்கை. அதைக் கல்யாணத்தில், காதுகுத்தில், இழவு வீட்டில் என்று எல்லா இடத்திலும் விளக்கியிருக்கிறான். இருபத்தாறு வருடத்தில் ஒருநாளும் விலை பார்த்ததில்லை.

கோதண்டபாணி செல்போனில் பார்த்தார்.

"கம்பெனி இல்லீங்களே. மூடிப் பத்தொம்பது வருசமாச்சு."

தனபாலன் கோப்பை மூடி, மறுபடி திறந்தான்.

"வடை மடிக்க ஆவுங்களா, சகல?" என்று அவன் கேட்டான்.

மரப்பெட்டி பறந்து வந்து அவன் புருவத்தில் மோதியது.

ஒரு கண்ணில் ரத்தம் இறங்கியது. நாயக்கர்கள் நாலாபக்கமும் உருண்டார்கள். மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் குறி பார்த்துத்தான் அவன் அந்தக் கழுத்தைப் பிடித்தான்.

தனபாலனின் முகம் சிவந்தது. பிறகு கறுத்தது. நாக்கு வெளியே எட்டிப் பார்த்தது. சகலையின் முழங்கால் மேலே வந்து அவனுடைய தொடையிடுக்கில் இறங்கியது.

இருவரும் தரையில் விழுந்தார்கள். தனபாலன் அவன் காதைக் கடித்தான். பத்திரங்கள் கசங்கின. மூத்தவள் சொம்பால் அவன் முதுகில் நான்கு போட்டாள். இளையவள் மூத்தவளின் கொண்டையைப் பற்றி இழுத்தாள். மாமனார் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. கால்களைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்.

அவன் மேலே வந்தான். தனபாலனின் நெஞ்சில் உட்கார்ந்தான்.

முஷ்டியை ஓங்கினான். ஏழு மாதத்தையும் அதில் வைத்தான்.

எதுவோ நொறுங்கியது. தன்னுடையதா, சகலையுடையதா என்று உடனே தெரியவில்லை.

ஒரு பல் சுவரில் பட்டுத் தெறித்து, கோதண்டபாணியின் காலடியில் போய் நின்றது.

தங்க உறை போட்ட பல்.

கோதண்டபாணி குனிந்தார். துண்டால் ரத்தத்தைத் துடைத்தார். பழக்க தோஷம், உரைகல்லை எடுத்து இழுத்தார். ஒரு சொட்டு அமிலம் விட்டார். கோடு அழியவில்லை.

அக்காவும் தங்கையும் ஒருவர் மயிரை ஒருவர் பிடித்தபடியே பார்த்தார்கள்.

உறையைப் பல்லிலிருந்து நெம்பித் தராசில் வைத்தார்.

"இருபத்திரண்டு கேரட். ஒன்னே முக்கா கிராம். இன்னைக்கு வெலைக்குப் பதினஞ்சாயிரத்துக்குக் கொறையாது."

தனபாலன் தரையில் கிடந்தபடி வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான். பல் போன ஓட்டையில் காற்று சீறியது.

"பத்திரம் வாங்குனது போக மிச்சத்துலதான் அதக் கட்டுனனுங்க, மாமா. அந்த ஒரு லட்சத்துல."

மாமனார் கால்களை மெல்லக் கீழே இறக்கினார். தரையில் கிடந்த செப்புக்காசைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். தராசைப் பார்த்தார்.

"கடை பெரிய மாப்ளைக்கு."

அவன் இன்னும் அந்த நெஞ்சின் மேல்தான் உட்கார்ந்திருந்தான். மறுபடி ஓங்கிய கை இறங்கவில்லை. இறக்க முடியவில்லை. இரண்டு விரல்கள் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

காசுகளை எடைக்குப் போட்டதில் எக்ஸ்ரேவுக்குச் சரியாகப் போயிற்று. மாவுக்கட்டுக்குத் தனபாலன் கொடுத்தான்.