கஸ்தூரியின் அரிசி டப்பா

புயல் ஓய்ந்த காலை வெயிலில் லைட்ஹவுஸ் குப்பத்துத் தெருவெல்லாம் தண்ணீராய் மினுங்குகிறது. முழங்கால் வரை நனைந்து வலைக் கொட்டகையிலிருந்து வருகிறான் ஏகாம்பரம். எலிக்காக அவன் அங்கே வளர்க்கும் சாரைப்பாம்பு குளிரில் துவண்டு அவன் கையைச் சுற்றிக் கிடக்கிறது. கூரை ஒழுகும் குடிசைக்குள் அவன் மனைவி கஸ்தூரி, தன் சிவப்புப் பிளாஸ்டிக் டப்பாவிலிருந்த அரிசியை முறத்தில் கொட்டுகிறாள். வீட்டில் மூடி போட்ட சாமான் அது ஒன்றுதான். “இன்னாமே பண்றே, அரிசி நனஞ்சிடும்” என்கிறான். “நனையட்டும். இந்தப் பாம்பு வந்தப்புறம் வலையில ஒரு கண்ணு போச்சா? முன்னெல்லாம் எலி கடிச்ச வலைய ராவெல்லாம் குந்திக் கட்னவ நானு.”

டப்பாவின் அடியில் தன் பழைய புடவையை மடித்துப் போடுகிறாள். பாம்பு மெல்ல இறங்கிச் சுருள்கிறது. காற்றுக்கு ஓட்டை போட, அடுப்பில் சிவந்த ஆணியை இடுக்கியால் எடுத்தவள், ஒரு கணம் யோசித்து மூடியைக் கவிழ்த்து, உட்பக்கத்திலிருந்து இறக்குகிறாள். உருகிய பிளாஸ்டிக் மேல்பக்கம் முள்ளாய்ப் பிதுங்குகிறது. “இப்டிப் போட்டாத்தான் அதும் மூக்கு கிழியாது” என்கிறாள். இத்தனை நாளும் பயந்து கொட்டகை வாசலிலேயே நின்றவள், ஒவ்வொரு ஓட்டையின் உள்விளிம்பையும் தன் விரலால் தடவிப் பார்க்கிறாள்.