பொத்தான் அளவுப் படம்

“ரொம்ப அழகா இருக்குங்க. அதனாலதான் வேண்டாங்கிறேன்” என்று அந்த அம்மாள் படத்தைக் கவுன்டரில் திருப்பி வைத்தாள்.

கலர் லேப்காரருக்குச் சுருக்கென்றது. கடை திறந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. அழகாக இருக்கிறது என்று சொல்லி யாரும் படத்தைத் திருப்பியதில்லை. இந்த அம்மாளோ மூன்றாவது தடவையாகத் திருப்புகிறாள்.

படம் என்னவோ ஒரு கண்தான். பக்கத்தில் நிற்கும் மகளின் கருவிழி மட்டும், சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்டமாக. மகள் அதை லாக்கெட்டில் வைத்துக் கழுத்தில் தொங்கவிடப் போகிறாள் என்று முதல் நாளே அவர் கணக்குப் போட்டுவிட்டார். அந்தப் பெண்ணும் பாதி முகத்தை முடியால் மூடிக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தக் காலத்து ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டார்.

“இதுல என்னம்மா குறை? கண்ணு தேன் மாதிரி மின்னுது.”

“அவ கண்ணு மின்னாதுங்க. சாதாரணக் கண்ணு. இருக்கிறது இருக்கிற மாதிரியே வரணும்.”

“இத்துனூண்டு வித்தியாசத்தை யாரு பார்க்கப் போறாங்க?”

“எல்லாரும் அதைத்தான் பார்ப்பாங்க” என்றாள் மகள்.

அம்மாள் குரலைத் தணித்துக்கொண்டாள். “திங்கக்கிழமை காலேஜ் திறக்குது. இது சரியா வந்தாத்தான் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. படம் எடுத்தவரே பிரின்ட்டும் போட்டுடுவாரு. இப்ப அவரோட மெஷின் ரிப்பேர். நாளைக்குள்ள அவர்கிட்ட கொண்டு போய்க் கொடுத்தாகணும்.”

ஒரு போட்டோவுக்காகப் படிப்பையே விடுவார்களா? செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அவர் ரா ஃபைலை மறுபடியும் திறந்தார்.

கேமரா கண்டதை எதுவும் கூட்டாமல் குறைக்காமல் வைத்திருக்கும் ஃபைல் அது. அதைப் படமாக மாற்றும்போதுதான் எல்லாக் கைவரிசையும் நடக்கிறது. வழக்கம்போலக் கொஞ்சம் வெளிச்சமும் கொஞ்சம் பளபளப்பும் ஏற்றியிருந்தார். யார் படம் வந்தாலும் கை தானாக அதைச் செய்துவிடும். இத்தனை வருஷத்தில் ஒரு முகத்தையாவது உள்ளபடி பிரின்ட் போட்டிருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தார். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஏற்றியதையெல்லாம் எடுத்துவிட்டார். படம் எடுத்தவர் நிறத்தைச் சரிபார்க்க என்று கண்ணுக்குக் கீழே ஒரு சாம்பல் நிற அட்டையையும் சேர்த்துப் படம் பிடித்திருந்தார். முதல் மூன்று தடவையும் அதை இவர் சட்டை செய்யவில்லை. இப்போது அந்தச் சாம்பல் சாம்பலாகவே தெரியும்வரை நிறத்தைத் திருத்தினார். பளபளப்புத் தாளை எடுத்துவிட்டு மேட் தாளைப் போட்டார்.

வந்த படத்தை வட்டமாக வெட்டி, டியூப்லைட்டை நம்பாமல் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். பெண்ணைக் கூப்பிட்டு, அவள் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அடர்ந்த பழுப்பு, ஓரத்தில் மங்கலாக ஒரு வளையம். அச்சு அசல் அதே கண்.

அம்மாள் எட்டிப் பார்த்தாள். சரி என்று தலையை ஆட்டினாள்.

“அப்பாடா, பாஸாயிட்டேன்” என்றார் லேப்காரர். “இனிமே லாக்கெட்ல மாட்டிக்கிட்டு ராஜாத்தி மாதிரி காலேஜுக்குப் போம்மா.”

பெண் முதல் முறையாகச் சிரித்தாள். “லாக்கெட்டுக்கு இல்ல அங்கிள். படம் எடுத்தவரு கண்ணு செய்யறவரு.”

முகத்தில் கிடந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். அங்கே கருவிழியே இல்லாமல் வெறும் வெள்ளையாக இருந்த செயற்கைக் கண்ணின் மேல் அந்த வட்டத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “ரெண்டும் ஒண்ணா இருக்கா, அங்கிள்?”