திரை தெளியும் வரை

திரை மறுபடியும் சிவந்தது.

மயக்க மருந்து டாக்டர் நஸ்ரின் மானிட்டரைப் பார்த்தாள். இதயத்துடிப்பு தொண்ணூற்று நான்கு.

மூக்கினுள் விட்ட கேமராவில் ரத்தத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. டாக்டர் திருமலையப்பன் உறிஞ்சி எடுத்தார். எடுத்த வேகத்தில் நிறைந்தது. அந்த இடத்தில் மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே இருப்பது காகிதக் கனத்தில் ஓர் எலும்பு. மேலே மூளை. குத்துமதிப்பாகக் கருவியை வைக்க முடியாது.

"பிரஷரை இன்னும் இறக்குங்க நஸ்ரின்."

"இதுக்குக் கீழ இறக்க மாட்டேன் சார். இவருக்கு ரொம்ப வருஷமா பிரஷர் உண்டு. மூளைக்கு ரத்தம் பத்தாமப் போயிரும்."

"அப்போ நிறுத்திடலாம்."



மேஜையில் கிடந்தவர் சூசை. உப்பு லாரி ஓட்டுபவர். மூக்கின் இரண்டு துளைகளிலும் சதை வளர்ந்து ஏழு வருடமாக வாயால்தான் மூச்சு; தூங்கினால் பெரிய குறட்டை. சென்ற ஆண்டு வேறோர் ஊரில் அறுவை சிகிச்சையை இதே ரத்தத்துக்குப் பயந்து பாதியில் நிறுத்திவிட்டார்கள். காலையில் கையெழுத்துப் போட்டபோது அவர் மனைவி புஷ்பம் கேட்டிருந்தாள்.

"இந்தத் தடவயாவது முழுசா முடிச்சிருவியளா டாக்டரம்மா?"

மயக்க மருந்து கொடுப்பவளிடம் யாரும் அதைக் கேட்பதில்லை.

"அஞ்சு நிமிஷம் குடுங்க சார்."



அவர் கேமராவை வெளியே எடுத்தார். மருந்தில் நனைத்த பஞ்சை மூக்கில் அடைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் மயக்க வாயுவை நிறுத்தினாள். அது ரத்தக் குழாய்களை விரித்துவிடும். அதற்குப் பதிலாகப் பால் போன்ற வெள்ளை மயக்க மருந்தை நரம்பு வழியே ஏற்றினாள். கூடவே, துடிப்பை நிதானமாக்கும் மருந்தைச் சொட்டு அளவில். மேஜையின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னாள்.

எண்பத்தாறு.

எண்பது.

எண்பதிலேயே நின்றது.

இயந்திரம் காட்டிக்கொண்டிருந்தும், சூசையின் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டாள். தோல் வெதுவெதுப்பாக இருந்தது.

எழுபத்தொன்று.

அறுபது. ரத்த அழுத்தம் அவள் சொன்ன எல்லைக்குக் கீழே போகவில்லை.

"இப்போ பாருங்க சார்."

பஞ்சு வெளியே வந்தது. கேமரா உள்ளே போனது.

வெளிறிய சுவர்கள். ஒரு வளைவு. அதன் பின்னால் சாம்பல் நிறத்தில் திரண்ட சதை. ஓரத்தில் ஒரு துளி ரத்தம் ஊறி, ஊறிய இடத்திலேயே நின்றது.

டாக்டர் கருவிக்காகக் கை நீட்டினார்.

முடிய ஒன்றரை மணிநேரம் ஆனது.

"சூசை, கண்ணைத் திறங்க. என் கையை அழுத்துங்க."

வலது கை அழுத்தியது. இடது கையும் அழுத்தியது. பெயர் கேட்டதற்கு, ஊரையும் சேர்த்துச் சொன்னார்.

அதன்பிறகுதான் அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் பிற்பகல். மூக்கில் வைத்திருந்த அடைப்பை எடுத்து இரண்டு மணிநேரம் ஆகியிருக்கும். வராந்தாவில் புஷ்பம் ஓடிவந்து நஸ்ரினின் மணிக்கட்டைப் பற்றினாள்.

"சீக்கிரம் வந்து பாருங்க டாக்டரம்மா. அவிய தூங்குதாவ. சத்தத்தையே காணோம்."

நஸ்ரினும் ஓடினாள்.

சூசை ஒருக்களித்துக் கிடந்தார். மார்பு ஏறி இறங்கியது. வாய் மூடியிருந்தது.

அவள் புஷ்பத்தின் விரலைப் பிடித்து அவர் மூக்கருகே கொண்டுபோனாள். இளஞ்சூடான மூச்சு விரலில் பட்டது.

வெகுநேரம் புஷ்பம் விரலை எடுக்கவில்லை.