எண் பொருந்தவில்லை

“ரெயால், அதை மூடாதே. கொஞ்சம் நில்லு.”

கொட்டகை வாசலில் ஓடில் நின்றாள். ஒரு கையில் மூக்குக் கண்ணாடி, மறு கையில் பழைய ரசீது.

கியூபெக்கில் ஏப்ரல் கடைசி. மேப்பிள் மரங்களில் சாறு நின்றுவிட்டது. ஓடிலின் கொழுந்தன் ரெயால் ஆர்.ஓ. மெஷினைக் கழுவி முடித்து, உள்ளே இருந்த இரண்டு மெம்பிரேன் வடிகட்டிச் சுருள்களையும் உருவி எடுத்து, மருந்துத் தண்ணீர் ஊற்றிய நீளக் குழாய்களில் இறக்கிக்கொண்டிருந்தான். சாற்றிலிருந்து முக்கால்வாசித் தண்ணீரைப் பிரித்துத் தள்ளுவது அந்த மெம்பிரேன்கள்தான். மீதியைப் பாகாகக் காய்ச்சும் அடுப்புக்கு அவ்வளவு வேலை மிச்சம்.

ஓடிலின் கணவரான அவன் அண்ணன் லூசியன் போய்ச் சேர்ந்ததிலிருந்து, மூன்று வருஷமாக, கழுவுவதும் கழற்றி வைப்பதும் ரெயால்தான். குளிர்காலம் முழுக்க அவை அவன் வீட்டு நிலவறையில் இருக்கும்.

ஓடில் கிட்டே வந்து, கண்ணாடியை மாட்டி, அவன் கையிலிருந்த மெம்பிரேனின் எண்ணைப் படித்தாள்.

“கேரண்டி அட்டையைத் தேடினேன். இந்த ரசீது கிடைச்சுது. இதுல இருக்கிற நம்பர் வேற, உன் கையில இருக்கிறது வேற.”

ரெயால் மெம்பிரேனை மெல்லக் குழாய்க்குள் இறக்கினான்.

“மாத்தினியா?”

தொட்டி தேய்த்துக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டத்துக் காயெத்தானின் கை நின்றது.

“மாத்தினேன் அண்ணி.”

“எப்போ?”

“அண்ணன் ஆஸ்பத்திரியில இருந்தப்போ.”

“அடப்பாவி! அவர் அங்கே மூச்சு விட முடியாம கிடக்கிறார், நீ இங்கே வந்து எங்களோட புதுசைக் கழட்டிட்டு உன்னோட பழசை மாட்டியிருக்கே? இந்த மெஷினை அவர் எப்படிப் பார்த்துக்கிட்டார்! துடைக்கக்கூட என்னை விடமாட்டாரே!”

“ஆமா அண்ணி. விடமாட்டார்.”

“அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?”

ரெயால் கையுறைகளைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

“மூடியை நல்லா இறுக்கிடுங்க. காயவும் கூடாது, உறையவும் கூடாது. குழாய்த் தண்ணி ஊத்திடாதீங்க, குளோரின் ஆகாது.”

போய்விட்டான்.

“எனக்கே பாடம் சொல்லிட்டுப் போறான் பாரு, திருட்டுப்பய!” என்றாள் ஓடில், காயெத்தான் காதில் விழும்படியாகவே. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். தெரியட்டும்.

மறுநாள் காலையில் அவளே வண்டியை எடுத்துக்கொண்டு ரெயால் வீட்டுக்குக் கிளம்பினாள். வழியெல்லாம் ஒன்று மட்டும் உறுத்தியது. அவன் ஏன் ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவில்லை?

ரெயாலின் மனைவி ஜசின்த் மிச்ச விறகை அடுக்கிக்கொண்டிருந்தாள். போன இலையுதிர்காலத்தில் கூரை வரை அடுக்கியிருந்த விறகுக்கொட்டில் இப்போது துடைத்துவிட்டதுபோல் கிடந்தது.

“ரெயால் எங்கே?”

“மர மில்லுக்கு வேலைக்குப் போயிட்டார்.”

“என்னோட மெம்பிரேனை எடுத்துக் கொடு. பேச்சு வேண்டாம்.”

ஜசின்த் கையிலிருந்த விறகைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு காய்ச்சும் கொட்டகைக்குள் நடந்தாள். பின்னாலேயே போன ஓடில், மூலையில் இருந்த அவர்களுடைய மெஷினைப் பார்த்தாள். மெம்பிரேன் மாட்டும் இரண்டு உறைகளும் வாய் திறந்து காலியாகக் கிடந்தன. உள்ளே ஒட்டடை.

அதன் பின்னாலிருந்து ஜசின்த் இரண்டு மெம்பிரேன்களை இழுத்துக் கீழே போட்டாள்.

ஓடில் குனிந்து ரசீதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே எண்கள். ஆனால் இரண்டும் நீளவாக்கில் வெடித்து, நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி மடிப்பு மடிப்பாகப் பிரிந்திருந்தன.

“இது... உறைஞ்சு வெடிச்சதாச்சே?”

“ஆமாக்கா. உங்க கொட்டகையிலதான்.”

“இருக்காது. லூசியன் வருஷா வருஷம் கழட்டி...”

“அந்த வருஷம் வலி ஆரம்பிச்சிடுச்சு. கழுவினதோட விட்டுட்டார். தண்ணியோட உள்ளேயே இருந்திருக்கு. மார்ச்ல இவர் போய்த் திறந்தா எல்லாம் பனிக்கட்டி.”

ஓடில் ரசீதை நாலாக மடித்தாள். நேற்று காயெத்தான் முன்னால் வாயிலிருந்து விழுந்த வார்த்தையை இனி எப்படிப் பொறுக்கி எடுப்பது?

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, ஜசின்த்.”

“நானும் அதைத்தான் சொன்னேன். கேட்கலை. மூணு வருஷமா வெறும் விறகுலயே காய்ச்சறோம்.” ஜசின்த்தின் குரல் இறங்கியது. “கடைசி வாரம் உங்க வீட்டுக்காரர் இவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘மெம்பிரேனைக் கழட்டி வெச்சேனாடா? ஞாபகமே வரலையே’ன்னு கேட்டிருக்கார். ‘நீ வெச்சது வெச்சபடியே இருக்குண்ணா, மாட்டிட்டேன், ஜோரா ஓடுது’ன்னு இவர் சொல்லியிருக்கார்.”

“ஓடவே இல்லையே அப்போ...”

“இல்லைதான். ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா இங்கே வந்து, எங்க மெஷினைக் கழட்ட ஆரம்பிச்சார்.”