இடப்பக்கச் சிரை

ரத்தக்குழாய்க்குள் செலுத்திய நீலச்சாயம் கழுத்தின் வலப்பக்கம் மட்டும்தான் இறங்கியிருந்தது.

பேராசிரியை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி குனிந்து பார்த்தார்.

மேசையில் செத்துக் கிடந்த குரங்கின் தலையைக் காப்பாளர் இரு கைகளாலும் பிடித்திருந்தார். மிருகக்காட்சிசாலையில் பதினொரு வருடம் அதற்குப் பழம் நறுக்கிப் போட்ட கைகள். வேறு யாரையும் தொடவிட மாட்டேன் என்று ஆய்வறை வரை கூடவே வந்துவிட்டவர்.

“இங்க பாருங்க. முகத்துலேருந்து வர்ற ரத்தம் கழுத்து வழியா இறங்கணும். வலது பக்கம் இறங்குது. இடது பக்கம் தாடையோட நின்னுபோச்சு” என்றார் பேராசிரியை.

அந்த இடத்தில் சிரை வெளுத்து, நூலாய்ச் சுருங்கிக் கிடந்தது. வழி அடைபட்ட ரத்தம் மோவாய்க்கு அடியில் இருந்த சின்னச் சின்னக் குழாய்களையெல்லாம் புடைக்க வைத்து, சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது.

“இருபத்தேழு குரங்கு பார்த்தாச்சு. இப்படி ஒண்ணுகூட இல்ல.” பேராசிரியையின் குரலில் சந்தோஷம் தாங்கவில்லை.

“வலிச்சிருக்குமா மேடம்?”

“வலின்னு சொல்ல முடியாது. தலை பாரமாவே இருந்திருக்கும். எப்பவும்.”

சீமாட்டி என்று அதற்குப் பெயர் வைத்தவரே காப்பாளர்தான். எந்நேரமும் தலையைச் சாய்த்து, கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும். ‘அம்மாவுக்கு இன்னிக்கு யார் மேல கோபமோ’ என்பார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

பேராசிரியை குறிப்பேட்டைத் திறந்தார்.

“குட்டியா இருக்கறப்ப நீங்கதானே எடுத்துட்டு வந்தீங்க? கழுத்துல காயம் ஏதாவது இருந்துச்சா?”

காப்பாளர் வாயைத் திறந்தார். அவர் கைகளுக்குள் அந்தத் தலை சில்லிட்டுக் கிடந்தது.

“இல்ல மேடம்.”

‘பிறவிக்குறை’ என்று எழுதி, பேராசிரியை அடியில் ஒரு கோடும் போட்டார்.

அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டே நின்றார் காப்பாளர். தடுக்க ஒரு வார்த்தை போதும்.

சாலையோரம் கண்டெடுத்த அன்றே குட்டியைக் கொண்டுவந்து ஒப்படைத்தார் என்றுதான் பதிவேட்டில் இருக்கிறது. மகள் ஆசைப்பட்டாள் என்று ஏழு மாதம் வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டிவைத்திருந்தது அதில் இல்லை. குட்டி வளர்ந்தது. கழுத்தில் மாட்டிய நாய்ப்பட்டை வளரவில்லை.

சதைக்குள் புதைந்துபோயிருந்த பட்டையை அறுத்தெடுத்து, காயம் ஆறி, முடி மூடும்வரை காத்திருந்துதான் கொண்டுவந்தார்.

பட்டையின் கொக்கி இடப்பக்கம் இருந்தது.