முட்டைகள் மேடேறின

ஏரிக்கரைப் புற்றுக்குள் தண்ணீர் கசியத் தொடங்கியதும், முட்டைகளை மேட்டுக்குக் கொண்டுபோகும் பொறுப்பு செவ்வி என்ற எறும்பிடம் வந்தது. தினமும் கொஞ்ச தூரம் வழி போடலாம், சரிப்படாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று அவள் தன் கூட்டத்தோடு கிளம்பினாள்.

வாசல் காவலர் கடுக்கன் மறித்தார். "மேடு வரைக்கும் முழு வழியையும் சொல்லு. அப்புறம்தான் முட்டையை விடுவேன்."

"இந்த மழையில நாளைக்கு எந்த வழி மிஞ்சும்னு யாருக்கு அண்ணே தெரியும்?"

"போன வருஷமும் இப்படித்தான் போனாங்க. நடுவழியில மாட்டி நூறு முட்டை போச்சு" என்றார் கடுக்கன்.

அதைக் கேட்டதும் செவ்வியின் கோபம் அடங்கிவிட்டது. "அப்ப ஒண்ணு செய்வோம். தினம் சாயங்காலம் வந்து அன்னைக்குப் போட்ட வழியை நடந்து பாருங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான் முட்டை நகரும்."

கடுக்கன் யோசித்தார். "திரும்பி வரவும் வழி வேணும்."

"வெச்சிடறேன்."

மூன்றாம் நாள், போகும் வழியில் மண் சரிந்தது. முட்டை சுமந்தவர்கள் பதறாமல் திரும்பும் வழியில் வந்து ஒரு வேரின்மேல் ஒதுங்கினார்கள். செவ்வி வேறு பக்கம் வழி போட்டாள். சாயங்காலம் கடுக்கன் அதில் நடந்து பார்த்துத் தலையசைத்தார்.

புற்று மூழ்கியபோது எல்லா முட்டைகளும் மேட்டில் இருந்தன.

"புது வாசலை எங்கே வைக்கலாம் அண்ணே?" என்று கேட்டாள் செவ்வி.

"உனக்குத் தோணுற இடத்துல தோண்டு. ஈரம் இருக்கான்னு நான் பார்க்கிறேன். இருந்தா வேற இடம் தோண்டுவோம்" என்றார் கடுக்கன்.