துணைப்பாடம்

"சொன்னா கேளுங்கம்மா. தர்க்கவியல் மட்டும் வேணாம்!"

பல்கலைக்கழகத்துச் சேர்க்கைப் பிரிவின் மூன்றாம் எண் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர், பேனாவை மேஜைமேல் போட்டுவிட்டுச் சொன்னார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்ற அம்மாளுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய கையோடு, கலைப் பட்டப்படிப்பில் சேர விண்ணப்பம் போட்டு இடமும் வாங்கிவிட்டார். இனி பாடங்களைத் தேர்ந்தெடுத்துப் பதிவுசெய்ய வேண்டியதுதான் பாக்கி.

வரலாறு, மொழியியல், பொருளியல் என்று மூன்று முதன்மைப் பாடங்களையும் கண்ணை மூடித் திறப்பதற்குள் குறித்துவிட்டார். துணைப்பாடத்துக்கு வந்ததும்தான் வண்டி நின்றது. தர்க்கவியல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"ஏன் தம்பி, அவ்வளவு கஷ்டமான பாடமா?"

"பாடம் கஷ்டமில்ல. நடத்துறவர்தான் கஷ்டம். நானே அவர்கிட்ட படிச்சவன்மா, சொல்ல எனக்கு உரிமை இருக்கு."

அம்மாள் கைப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். "ஆள் எப்படி? கோபக்காரரா?"

"கோபமா, அவருக்கா? கோபப்பட்டிருந்தா நாங்க முழிச்சிட்டாவது இருந்திருப்போமே! மத்தியான வகுப்புல பாதிப் பேர் தூங்குவோம். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். தூங்குறவங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு குரலைக் குறைச்சுக்குவார்."

அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு எழுத்தருக்கு உற்சாகத்தைக் கிளப்பிவிட்டது.

"அப்புறம் ஜோக் ஒண்ணு சொல்வார் பாருங்க. முதல்ல அவரே சிரிச்சிடுவார். நாங்க சிரிக்கலன்னதும், அதுல எங்க சிரிப்பு வரணும்னு கரும்பலகையில எழுதி விளக்குவார். அதுக்குள்ள மணி அடிச்சிடும்."

"பாவம்."

"யாரு, நாங்களா?"

"ரெண்டு பேரும்தான்."

"அதான் சொல்றேன், பேசாம சமூகவியல் எடுங்க. அந்த மேடம் படமெல்லாம் போட்டுக் காட்டுவாங்க. நூத்தி நாப்பது பேர் சேர்ந்திருக்காங்க, உக்காரவே இடமில்ல."

"தர்க்கவியலுக்கு எத்தனை பேர்?"

எழுத்தர் கணினித் திரையைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "ஒன்பது."

"அப்போ நான் பத்தாவது ஆள்."

"அதாம்மா என் வயித்தெரிச்சலே! பத்துப் பேர் சேரலன்னா பாடத்தையே எடுத்துடுவாங்க. இன்னிக்கு நாலு மணியோட கெடு முடியுது, கம்ப்யூட்டர் தானா பூட்டிக்கும். பாடம் போச்சுன்னா அவரை விடைத்தாள் கட்டுற பிரிவுக்கு மாத்திடுவாங்களாம். காலையிலருந்து நாலு தடவை வந்துட்டார். நேரா கேக்க வெக்கம். 'மழை வருமா?'ன்னு என்னைக் கேக்குற மாதிரி திரையை எட்டிப் பார்த்துட்டுப் போயிடுறார்."

அம்மாளின் முகத்தில் இருந்த சிரிப்பு சட்டென்று வடிந்துபோயிற்று. கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். மூன்று ஐம்பது.

"இவ்வளவு தெரிஞ்சும் என்னை வேணாங்கிறீங்களே, தம்பி?"

"என்னம்மா பண்றது? அவர் எனக்கு வாத்தியார்தான். ஆனா நீங்க இந்த வயசுல ஆசை ஆசையா படிக்க வந்திருக்கீங்க. தெரிஞ்சே அவரை உங்க தலையில கட்டிவிட எனக்கு மனசு வரல."

"சரி, உண்மையைச் சொல்லுங்க. அவர்கிட்ட நீங்க ஒண்ணுமே கத்துக்கலையா?"

எழுத்தர் காதைச் சொறிந்துகொண்டார். "ஒண்ணே ஒண்ணு கத்துக்கிட்டேன். எதிராளி என்னதான் தப்பா பேசினாலும், முழுசாக் கேட்டுட்டுத்தான் பதில் பேசணும். எங்க வீட்ல எனக்கு இருக்குற கொஞ்சநஞ்ச நல்ல பேரும் அதனாலதான்."

"அது போதும் எனக்கு. தர்க்கவியல்னு போடுங்க."

இனிப் பேசிப் பயனில்லை என்று எழுத்தர் விசைப்பலகையை இழுத்துக்கொண்டு மளமளவென்று தட்டினார். கடைசிப் பொத்தானை அழுத்தியதும் திரை சிவப்பாக ஒளிர்ந்தது.

"போச்சுடா! படிவத்துல ஒரு கட்டத்தை விட்டுட்டீங்க." காகிதத்தைத் திருப்பி நீட்டினார்.

அதுவரை படபடவென்று பதில் சொல்லிக்கொண்டிருந்த அம்மாள், முதல்முறையாகத் தயங்கினார். "இதை எழுதியே ஆகணுமா?"

"எழுதலன்னா உள்ளயே போகாதும்மா. மணி மூணு அம்பத்தேழு!"

அம்மாள் பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். விறுவிறுவென்று எழுதிக் காகிதத்தைக் கவிழ்த்து உள்ளே தள்ளினார்.

புரட்டிப் பார்த்த எழுத்தர் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னம்மா நீங்க! துணைப்பாடம் யார் நடத்துறாங்கன்னா கேட்டிருக்கு? இது 'துணைவர் பெயர்'! உங்க வீட்டுக்காரர் பேரை எழுத வேண்டிய இடத்துல எங்க வாத்தியார் பேரை எழுதி வச்சிருக்கீங்களே!"

"சரியாத்தான் தம்பி எழுதியிருக்கேன், இருபத்தெட்டு வருஷமா அவர்தான்" என்றார் அம்மாள். "நீங்க சட்டுனு பொத்தானைத் தட்டுங்க, நாலு மணி ஆகப்போகுது!"